பனிக்கட்டி மாளிகையில் ஒரு பள்ளிக்கூடம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



புலவர்களையும் காவியங்களையும் பற்றிப் பேசும் இத்தொடரில் இன்று ஒரு வாழ்க்கை வரலாற்று நூலை எடுத்துக்கொள்கிறேன். நூலைக் காட்டிலும் நூலின் நாயகியைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மொனிக்கா ஃபெல்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதி 1966 இல் வெளியான நூல் அது. எழுத்தாளர் அநுத்தமா அதைத் தமிழில் தந்தார். சென்னையில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியொன்றின் முதல் அதிபராக இருந்த சகோதரி சுப்பலட்சுமியின் கதை. 1886 இல் பிறந்து 1969 வரை, 83 ஆண்டுகள் வாழ்ந்தவர்.

அந்த நூல் என் கைக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது.

எங்கள் வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையிலே, வயல்வெளிக்கு நடுவில் ஒரு சிறிய பாடசாலை. ஐந்தாம் வகுப்பு வரை நான் அங்கேதான் படித்தேன். அப்போது அதிபராக இருந்தவர் ஓர் அம்மையார். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வார். எங்களுக்கு அவர் 'பெரிய ரீச்சர்'. இருபத்தைந்து வயதுக்கு முன்பே கணவரை இழந்தவர். கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, விடியற்காலையில் துறையிலே காத்திருந்து, பாதையில் ஏறி அக்கரைக்குப் போய்ப் படிப்பித்தவர். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை அந்தப் பயணம் எப்படியிருந்தது என்பதை எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருக்கிற நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காற்றடித்தால் பாதை ஓடாது. பாதை ஓடாத நாளிலும் ரீச்சர் எப்படியோ ஒரு தோணியைப் பிடித்து வந்து சேர்ந்துவிடுவார். இப்போது அவருக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அந்தப் பாடசாலையின் ஆண்டு விழாவிலே ரீச்சரைக் கௌரவிப்பதென்று பழைய மாணவர்கள் தீர்மானித்தோம். தமிழ் வாத்தியார் என்பதால் நிகழ்ச்சி நிரல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 'மங்கல விளக்கேற்றல்' என்று எழுதி, அதன் கீழே முதற் பெயராக ரீச்சரின் பெயரை எழுதினேன். கூட்டத்தில் அதை வாசித்தபோது ஒரு பெரியவர் மெல்லச் சொன்னார். "ரீச்சருக்குப் பொன்னாடை போர்ப்பம், வாழ்த்துப்பா வாசிப்பம். விளக்கை மட்டும் வேற ஆரும் ஏத்தட்டும். நல்ல காரியமல்லவா, தம்பி?" அவர் கெட்ட மனிதர் அல்லர். பாடசாலைக்குக் காணி கொடுத்த குடும்பம். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேனாவை எடுத்து அந்தப் பெயரை வெட்டினேன்.

விழா நன்றாக நடந்தது. ரீச்சர் முன்வரிசையில் இருந்து, மற்றவர்கள் விளக்கேற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தோம். நான் எழுதிய எண்சீர் விருத்தத்தை நானே வாசித்தேன். அதிலே ரீச்சரை 'அறிவொளி விளக்கு' என்று இரண்டு இடத்தில் சொல்லியிருந்தேன். வாசிக்கும்போது எனக்கே நாக்குத் தடக்கியது.

ஒரு வாரம் கழித்து, கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரீச்சர் அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே போய் அட்டை கழன்ற ஒரு புத்தகத்தை எடுத்து வந்து, "இதை வாசிச்சிருக்கியா மனே?" என்று கேட்டார். அதுதான் இந்தப் புத்தகம்.

இதை எழுதிய மொனிக்கா ஃபெல்டன் தனியே ஒரு நூலுக்கு உரிய ஆள். இங்கிலாந்திலே ஸ்டீவனேஜ் என்ற புதிய நகரத்தை அமைக்கும் சபையின் தலைவியாக இருந்தவர். 1951 இல், போர் நடந்துகொண்டிருந்தபோது வட கொரியாவுக்குப் போய் வந்தார், பதவியை இழந்தார். பின்னாளில் சென்னைக்கு வந்து தங்கி, ராஜாஜியைப் பற்றி ஒரு நூலும், சுப்பலட்சுமியைப் பற்றி இந்த நூலும் எழுதினார். சொந்த ஊரிலே தள்ளிவைக்கப்பட்ட ஒரு பெண், இன்னொரு ஊரிலே தள்ளிவைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதையைக் கேட்டு எழுதியதாலோ என்னவோ, நூலில் இரக்கம் பேசும் தொனி குறைவு. அது எனக்குப் பிடித்திருந்தது.

சுப்பலட்சுமியின் தந்தை ஆர்.வி. சுப்பிரமணிய ஐயர் பொறியியல் படித்த அரச உத்தியோகத்தர். மூத்த மகள் கெட்டிக்காரி. ஒன்பது வயதிலே பொதுப் பரீட்சையில் செங்கற்பட்டு மாவட்டத்துக்கே முதலாவதாக வந்தவள். 11 வயதளவில் ஊர் வழக்கப்படி கலியாணம். கொஞ்ச காலத்துக்குள் மாப்பிள்ளை இறந்துபோனார். புருஷன் என்றால் யார் என்று தெரியாத வயதிலே அந்தப் பிள்ளை விதவையானாள்.

இந்த இடத்தில் நேயர்களுக்குப் புறநானூற்றை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் போகும்போது சொன்ன பாட்டு 246 ஆவது பாட்டு. க.பொ.த. உயர்தர மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் கைம்மைப் பெண்ணின் சாப்பாட்டை நாங்கள் விளக்குகிறோம். நெய் படாத பிழிந்த சோறு, எள்ளுத் துவையல், புளியிட்டு அவித்த வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக் கல்லில் படுக்கை. அரசி அந்த வாழ்வை வேண்டாமென்று தீயைத் தேர்ந்தெடுக்கிறாள். பாட்டை அதன் வீரத்துக்காகப் புகழ்ந்து பழகிவிட்டோம். தீயிலும் கொடிதாக ஓர் உணவுப் பட்டியலும் ஒரு படுக்கையும் இருந்தன என்பதுதானே அந்தப் பாட்டின் செய்தி. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் சென்னை அக்கிரகாரங்களில் அந்தப் பட்டியல் அதிகம் மாறவில்லை. தலையையும் மழித்தார்கள்.

சுப்பலட்சுமியின் வீட்டார் மகளின் தலையை மழிக்கவில்லை. தகப்பனார் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தார். வீட்டிலே ஏற்கனவே ஒரு விதவை இருந்தார், சித்தி வாலாம்பாள். அக்காள் மகளைத் தன்னைப்போல் ஆகவிடக் கூடாதென்று நின்றவர்களில் அந்தச் சித்தியும் ஒருவர். வீட்டில் படிப்பு, பிறகு கன்னியாஸ்திரிகள் நடத்திய கொன்வென்ட், பிறகு மாநிலக் கல்லூரி. ஊரார் ஏசினார்கள், உறவினர் ஒதுக்கினார்கள். 1911 இல் அவர் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்திலே பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்வர்.

பட்டம் பெற்றவர் என்ன செய்தார் என்பதுதான் கதை. அடுத்த ஆண்டே, 1912 இல், எழும்பூரில் தகப்பனார் வீட்டிலே நாலு விதவைச் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு ஓர் இல்லம் தொடங்கினார். சித்திதான் சமையலும் காவலும். பெண் கல்விப் பரிசோதகராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரிஷ் அம்மையார் துணை நின்றார். பிள்ளைகள் கூடக்கூட வீடு போதவில்லை. கடைசியில் இடம் கிடைத்தது எங்கே தெரியுமா? மெரினாக் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில்.

அது 1842 இல் கட்டப்பட்ட பனிக்கட்டிக் களஞ்சியம். அமெரிக்காவின் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து வெள்ளைக்காரர்களுக்கு விற்பதற்காக அங்கே அடுக்கி வைத்தார்கள். அந்த வியாபாரம் நின்றபிறகு கட்டடம் கைமாறியது. 1897 இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். அதன் பிறகு விதவைச் சிறுமிகள் வந்தார்கள். காலையில் முகம் பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்று தெருவிலே ஒதுங்கி நடந்தவர்களுடைய பிள்ளைகள், கடற்காற்று வீசும் அந்த வட்டமான பெரிய மாளிகையில் கணக்கும் ஆங்கிலமும் படித்தார்கள்.

1922 இல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதற்கு அவரே அதிபர். நானும் பயிற்றப்பட்ட ஆசிரியன் என்பதால், இந்த இடத்தில் அவருடைய கெட்டித்தனம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஒரு விதவையைப் படிப்பித்து வீட்டுக்கு அனுப்பினால் படித்த விதவை ஒருத்தி அடுப்படிக்குத் திரும்புவாள். அவளை ஆசிரியையாக்கினால் சம்பளம் வரும். சம்பளம் வந்தால் வீட்டில் சொல் ஏறும். அதோடு, பெண் பிள்ளைகளை ஆண் ஆசிரியர்களிடம் அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கும் பெண் ஆசிரியர் கிடைப்பார். இரண்டு பூட்டுக்கு ஒரே திறப்பு.

1922 என்றதும் எங்கள் ஊர்க்காரனுக்கு இன்னொன்று ஞாபகம் வரும். அதே ஆண்டில்தான் காரைதீவில் பிறந்த மயில்வாகனனார் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924 இல் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார். ஐஸ் ஹவுஸ் மாளிகைக்கும் மயிலாப்பூருக்கும் அதிக தூரமில்லை. சுப்பலட்சுமியும் இராமகிருஷ்ண இயக்கத்தில் பற்றுடையவர். அவருடைய சாரதா வித்தியாலயம் 1938 இல் அந்த மிஷனிடமே ஒப்படைக்கப்பட்டது. அடிகளார் மட்டக்களப்பு திரும்பி 1929 இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது பக்கத்துத் திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். ஒரே காலம், ஒரே காற்று.

அந்தக் காற்று இந்தியாவில் மட்டும் வீசவில்லை. அமெரிக்காவிலே, அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1875 இல் பிறந்தவர் மேரி மெக்லியோட் பெத்தூன். 1904 இல் புளோரிடாவின் டேட்டோனாவில், கையில் ஒன்றரை டொலருடன், ஐந்து கறுப்பினச் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு பள்ளி தொடங்கினார். கரித்துண்டே பென்சில், பழச்சாறே மை. அது இன்று ஒரு பல்கலைக்கழகம். கறுப்பினத்தவர்களை மற்றக் கல்லூரிகள் வாசலில் நிறுத்திய காலத்தில் அவர்களுக்கென்றே எழுந்த கல்லூரிகளில் ஒன்று. எழும்பூரில் நாலு பேர், டேட்டோனாவில் ஐந்து பேர். எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் இருவரும் தொடங்கியே இருக்கமாட்டார்கள். எங்கள் கல்வித் திணைக்களங்கள் மாணவர் தொகை குறைந்த கிராமப் பாடசாலைகளை மூடுவதைப் பற்றிப் பேசும்போது இந்த நாலும் ஐந்தும் எனக்கு நினைவுக்கு வரும். இது இடைப்பிறவரல், மன்னிக்கவும்.

சுப்பலட்சுமி மீது குறை சொல்ல இடமில்லை என்று நான் சொல்லவில்லை. ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஆசாரமான சமையற்கட்டு. மறுமணத்தை அவர் தம் முழக்கமாக்கவுமில்லை. இன்று அதை வாசிக்கும்போது மனம் உறுத்துகிறது, உறுத்த வேண்டும். ஆசாரத்தை உடைத்தால் எந்தத் தகப்பனும் பிள்ளையை அனுப்பமாட்டான் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு அந்தச் சிறுமிகளுக்குக் கதவைத் திறந்தது, மற்றச் சாதிச் சிறுமிகளுக்கு அந்தக் கதவைத் திறக்கவில்லை. இரண்டும் உண்மை. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. மாளிகைக்கு அருகே இருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி ஏற்படுத்தினார். பால்ய விவாகத்துக்கு எதிராகப் பேசினார். 1930 இல் அதைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பதவிக்காலம் முடிந்தபிறகு அவர் செய்தவை எனக்கு இன்னும் வியப்பு. 1942 இல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலயம் என்று வயதுவந்த பெண்களுக்கு ஒரு பள்ளி. படிக்கிற வயதிலே படிப்பை இழந்த குடும்பப் பெண்கள் அங்கே வந்து படித்தார்கள். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவை உறுப்பினர். தாம்பரத்துக்கு அருகே மாடம்பாக்கம் என்ற கிராமத்தில் ஒரு சமூக நல நிலையம். எழுபது வயதை நெருங்கும் ஒருவர் செய்த வேலை இது. நாங்கள் அறுபதிலே ஓய்வூதியப் படிவத்தை நிரப்பியதும் நாற்காலியை முற்றத்துக்கு இழுத்துவிடுகிறோம்.

கௌரவங்கள் வந்தன. 1920 இல் பிரித்தானிய அரசின் கைசர்-இ-ஹிந்த் பதக்கம். 1958 இல் பத்மஸ்ரீ. பதக்கம் வாங்கிய அந்தப் பெண்மணியை ஒரு கலியாண வீட்டில் முன்னே நிற்க விட்டிருப்பார்களா? தாலியைத் தொட்டு ஆசீர்வதிக்கும் தட்டு அவர் முன்னால் நின்றிருக்குமா, அவரைத் தாண்டிப் போயிருக்குமா? அட்டை கழன்ற புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்தது இதைத்தான். பதக்கம் கொடுப்பது சுலபம். பொன்னாடையும் அப்படித்தான், கடையில் விற்கிறது.

எங்கள் மட்டக்களப்பு அப்படியான ஊர் அல்ல என்று சொல்லலாம். ஓரளவுக்கு அது சரி. இங்கே குடி தாய்வழி. வளவும் வீடும் மகளுக்கு. புருஷன்தான் பெண்வீட்டுக்கு வந்து இருக்கிறான். அதனால் கணவன் இறந்தால் பெண் தெருவுக்கு வருவதில்லை. தலை மழிக்கும் வழக்கமும் இல்லை. 1990 ஆம் ஆண்டையும் 2004 மார்கழி 26 ஆம் திகதியையும் கடந்து வந்த மாவட்டம் இது. அரசாங்கத் தாள்களில் 'பெண் தலைமை தாங்கும் குடும்பம்' என்ற சொல் வந்துவிட்டது. என் வகுப்பில் தேர்ச்சி அறிக்கை கொடுத்தனுப்பினால், கையொப்பம் வைக்கும் தாய்மாரில் எத்தனை பேர் தனியே நிற்பவர்கள் என்பது எனக்குத் தெரியும். வயல் செய்கிறார்கள், இடியப்பம் அவித்து விற்கிறார்கள், பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறார்கள். பிள்ளையின் கலியாணத்தன்று பின்கட்டிலே சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

இதில் ஒரு விசித்திரம். வைகாசி பிறந்தால் வாவியின் இரு கரையிலும் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறக்கும். வழக்குரை படிப்போம், கலியாணக்கால் நடுவோம், கடைசியில் குளிர்த்தி பாடி அம்மனைக் குளிரவைப்போம். யாரை? கணவனைப் பறிகொடுத்து, ஒற்றைச் சிலம்போடு அரச சபையில் நின்று வழக்குரைத்தவளை. மழைக்கும் விளைச்சலுக்கும், அம்மை நோய் தீரவும் நாங்கள் கைகூப்பி நிற்பது அவளிடம். அவள் சந்நிதி விளக்கிலிருந்து எடுத்த தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். வீட்டுக்கு வந்ததும் அதே தீபத்தை ஏற்ற இன்னொருத்தியை விடமாட்டோம். சிலப்பதிகாரத்தை இருபது வருடமாகப் படிப்பித்துவரும் எனக்கு, அந்தக் கூட்டத்திலே பேனாவை எடுத்தபோது இது தோன்றவில்லை.

சென்ற மாதம், இந்த உரைக்காகப் புத்தகத்தை மறுபடியும் வாசித்து முடித்துவிட்டு, பாலத்தால் அக்கரைக்குப் போனேன். ரீச்சர் திண்ணையில் இருந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வானொலியிலே இதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். "என்ட பேரைச் சொல்லிப்போடாதே" என்றார். பிறகு, இவ்வளவு நாளும் சொல்லாத அந்தக் கதையைச் சொன்னேன். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் முதலாவதாக இருந்ததையும் அதை வெட்டியது என் கைதான் என்பதையும்.

ரீச்சர் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் மனே. அண்டைக்கே வந்து சொல்லிப்போட்டாங்க" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்து அவர் கேட்டது நான் எதிர்பாராதது. "அந்த விருத்தத்தில மூண்டாம் பாட்டு, ரெண்டாம் அடியில ஒரு சீர் தட்டுது. பாத்தியா?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். தட்டுகிறதுதான்.

புறப்படும்போது வாசல்வரை வந்து, "கதைச்சு முடிஞ்சா புத்தகத்தைக் கொண்டுவந்து தந்திரு. பக்கத்து வளவுப் பிள்ளை கேட்டுக்கிட்டு இரிக்கா" என்றார். "அவளுக்கு இருபத்தெட்டு வயசுதான் மனே. ரெண்டு பிள்ளைகள்."

கழன்ற அட்டையை ஒட்டி வைத்திருக்கிறேன். நாளைக் காலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.